தேய்க்காமல் துடைத்த முகம்

தேவயானிக்கு முகம் கழுவ நாள்தோறும் அரை மணி நேரம் பிடித்தது. சாயங்காலம் உத்தமபாளையத்திலிருந்து வந்து ஓடைப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பின்கட்டுத் தொட்டிக்குத்தான் போவாள். முகமெல்லாம் சோப்பைப் போட்டு, காய்ந்த பீர்க்கங்காய் நாரான பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்ப்பாள். காலையில் அவள் முகத்தில் போடுவது மதுரையில் நாடகச் சாமான் விற்கிற கடையில் வாங்கிய பூச்சு. கூத்துக்காரர்கள் விடிய விடிய வேர்த்து ஆடினாலும் கலையாத பூச்சு, ஒரு துண்டு சோப்புக்கா கலைந்துவிடும்? தேய்க்கத் தேய்க்கத்தான் வரும். எல்லாம் போய் முடியும்போது கன்னம் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரியும். எரிச்சல் அடங்குமுன்னே துண்டால் ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு, கண்ணாடி பார்க்காமல் அடுப்படிக்குப் போவாள்.

பூச்சுக்கு அடியில் இருந்தது வெண்புள்ளி. பத்தொன்பது வயதில் உதட்டோரத்தில் மிளகு அளவுக்கு ஒன்று விழுந்தது. தேமல் என்றார்கள், கீழாநெல்லி அரைத்துப் போடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அது புளியங்கொட்டை அளவாயிற்று. பிறகு கண்ணிமையில் ஒன்று, கழுத்தில் ஒன்று, வலது கையின் விரல் நுனிகளில் வரிசையாக. அவள் நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில் வெள்ளை தூரத்திலிருந்தே தெரிந்தது. அப்போது அவளுடைய அப்பா பேச்சிமுத்து இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அம்மா அக்கம்மாளின் தம்பி கருத்தக்கண்ணன்தான் கவனித்துக்கொண்டார். மதுரைக்குப் போய் அந்தப் பூச்சு டப்பாவை வாங்கி வந்ததும் அவர்தான்.

“இதப் போட்டுக்கிட்டா ஒரு பய கண்டுபிடிக்க முடியாது. வெள்ளை விழுந்தவன்னு பேரு வந்துருச்சுன்னா அவ்வளவுதான். வீட்டு வாசப்படிய ஒருத்தன் மிதிக்க மாட்டான்” என்றார்.

அக்கம்மாள் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். பூச்சு இல்லாமல் மகள் வாசலுக்கு வரக் கூடாது. முகம் கழுவிய பிறகு யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி மோர் கேட்டு வந்தாலும் அப்படித்தான். ஆறு வருஷம் அந்தச் சட்டம் நடந்தது.

தேவயானி பட்டப்படிப்பு முடித்துவிட்டு உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே மொக்கைச்சாமி என்பவர் வைத்திருந்த டைப்பிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வக்கீல் குமாஸ்தாக்கள் கிறுக்கிக் கொண்டுவருகிற மனுக்களைத் தப்பில்லாமல் அடித்துக் கொடுப்பாள். அவள் விரல் வேகத்துக்கு அந்தத் தெருவில் ஆளில்லை.

2005 ஆடி மாதத்தில் ஒருநாள் அவள் கண்ணாடியைப் பார்க்க நேர்ந்தது. இரண்டு கன்ன எலும்பின் மேலும் புதிதாகப் பொட்டுப் பொட்டாக வெள்ளை. பாவாடை நாடா கட்டுகிற இடுப்பைச் சுற்றிலும் கோடு போட்டதுபோல் வெள்ளை. வீட்டில் சொல்லவில்லை. கடைக்குப் பேப்பர் கட்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தேனிக்குப் போய், ஞானபாக்கியம் என்ற தோல் டாக்டரைப் பார்த்தாள். டாக்டருக்கு அவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

“இதை எத வச்சும்மா கழுவுறீங்க?” என்று டாக்டர் கேட்டாள்.

“சோப்பு. அப்புறம் பீர்க்கங்கூடு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “கன்னத்துல புதுசா வந்ததெல்லாம் அந்தப் பீர்க்கங்கூடு கொண்டாந்ததுதான். இந்த மாதிரித் தோலுல கீறல் பட்டா, உரசுனா, இறுக்கிக் கட்டுனா அந்த எடத்துலேயே புதுசா வெள்ளை விழும். ஒங்க இடுப்புல நாடா செஞ்ச வேலையத்தான் மொகத்துல நீங்க செஞ்சிருக்கீங்க.”

“இது குஷ்டம்ங்கிறாகளே?”

“கெடையாது. ஒட்டவும் ஒட்டாது. தோலுக்கு நெறம் குடுக்குறது சில எடத்துல வேலை செய்யாமப் போச்சு, அவ்வளவுதான்.”

“அப்ப மேக்கப் போடக் கூடாதா?”

“போடுறதும் போடாததும் ஒங்க இஷ்டம். எடுக்குறப்ப தேய்க்காதீங்க.”

வேலைக்காரம்மாவைப் பஞ்சு கொண்டுவரச் சொல்லி டாக்டரே செய்து காட்டினாள். பாரபின் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடேற்றி, முகத்தில் பூப்போல ஒற்றிப் பரப்பினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். “ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கணும். எண்ணெயே பூச்சக் கழட்டிரும், நாம மல்லுக்கட்ட வேண்டாம்.” ஈரப் பஞ்சை இமையின் மேல் வைத்து, முப்பது எண்ணும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிறகு மெல்லக் கீழ்நோக்கி எடுத்தாள். பஞ்சில் கருஞ்சிவப்பாகப் பூச்சு வந்தது. கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு. துடைப்பதற்குப் பழைய வேட்டித் துணி, அதுவும் ஒற்றத்தான். ஈரம் காயுமுன் ஒரு களிம்பு. வெயிலில் போனால் குடை.

தேவயானி தன் முகத்தில் எரிச்சலைத் தேடிப் பார்த்தாள். இல்லை. ஆறு வருஷமாகத் தன் கன்னத்தைப் பகையாளி வீட்டுச் சுவரைச் சுரண்டுவதுபோல் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று நினைத்தாள். டாக்டர் முன்னால் அழக் கூடாதென்று கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அன்றிரவே பீர்க்கங்கூட்டை அடுப்பில் போட்டாள். ஐப்பசி பிறக்கும்போது கன்னத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. பழைய பொட்டுகளில் இரண்டொன்று ஓரத்தில் நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. கண்ணாடி பார்க்கப் பழகிக்கொண்டாள். பார்க்கப் பார்க்க, உதட்டோர வெள்ளைகூடத் தன்னுடையதுதான் என்று தோன்ற ஆரம்பித்தது.

அந்த ஐப்பசியில்தான் வடுகபட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுருளிராஜனுக்கு மின்வாரியத்தில் வேலை. வீட்டில் பூண்டு வியாபாரம். அவனும் அவன் அம்மா ஜக்கம்மாவும் வந்து பார்த்தார்கள். தேவயானி பூச்சோடுதான் காப்பி கொடுத்தாள். பிடித்துவிட்டது என்றார்கள். தையில் நிச்சயம் என்று முடிவாயிற்று. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருந்து கேட்கிற ஆளாக இருந்தான். சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே அவளுக்கு உறுத்தியது. ஆனால் எப்படி, யாரை வைத்து என்று புரியாமல் நாளைக் கடத்தினாள்.

கார்த்திகையில் ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரு மனுவைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். கணவன் மனைவி மேல் போட்ட கேஸ். திருமணம் செல்லாது என்று உத்தரவிடக் கோரிக்கை. தேவயானி வழக்கம்போல் அடித்துக்கொண்டே போனாள். மூன்றாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது. ‘எதிர்மனுதாரர் தன் உடம்பில் உள்ள வெண்புள்ளிகளை முகப்பூச்சால் மோசடியாக மறைத்து மனுதாரரை ஏமாற்றி...’

அந்த எதிர்மனுதாரரை அவள் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாள். ஜோதிலட்சுமி என்று பெயர். வாய்தாவுக்கு வந்தவள், ஏதோ நகல் எடுக்கக் கடைக்குள் வந்தாள். முக்காட்டை விலக்கியபோது தேவயானி பதறிப்போனாள். நெற்றியிலிருந்து தாடைவரை பொருக்குத் தட்டிப்போன தோல். பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“என்னக்கா இது?”

ஜோதிலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டுச் சொன்னாள். “கல்யாணம் முடிஞ்சு மூணா நாளு. கழுத்துல பூச்சு கலைஞ்சிருச்சு, அவுக அம்மா பாத்துட்டாக. மொகத்தக் கழுவுடின்னாக. நானே கழுவுறேன், கொஞ்சம் பொறுங்கன்னேன். விடல. ரெண்டு பேரு கையப் புடிச்சுக்கிட்டாக. தேங்கா நாரப் போட்டு... அடியில என்ன இருக்குன்னு பாக்கணுமாம்.”

தேவயானிக்குத் தன் கன்னம் எரிந்தது.

“நீங்க முன்னாலேயே சொல்லலையா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். எங்க வீட்டுல விடல. கழுத்துல தாலி ஏறிருச்சுன்னா எல்லாம் சரியாப் போகும்னாக.” பேசிக்கொண்டே துணியால் முகத்தை அழுத்தித் துடைக்கப் போனாள். தேவயானி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

“தேய்க்காதீங்கக்கா. ஒத்தி எடுங்க.” தன் பையிலிருந்த சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து அவள் கையில் வைத்து, எப்படிப் பூசுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஜோதிலட்சுமி கேட்டபோது, தேவயானி தன் உதட்டோரத்துப் பூச்சை விரல் நுனியால் ஒற்றி எடுத்துக் காட்டினாள். வீட்டாரையும் டாக்டரையும் தவிர இன்னொரு மனுஷிக்கு அவள் காட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று வீட்டுக்குப் போனவள், முகம் கழுவுமுன்னே பேச்சை எடுத்துவிட்டாள்.

“அம்மா, வடுகபட்டிக்காரகிட்ட சொல்லிருவோம்.”

அக்கம்மாள் அரிவாள்மனையை நிறுத்தினாள். “எதை?”

“இதை. எனக்கு வெள்ளை இருக்குங்கிறத. தட்டு மாத்துறதுக்கு முன்னால அவுகளுக்குத் தெரியணும். நீங்க சொல்லுங்க. இல்ல, நான் சொல்றேன்.”

“ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாடி? அப்பன் இல்லாத பிள்ளைய ஒரு எடத்துல சேக்க நான் படுற பாடு ஒனக்கு வெளையாட்டாத் தெரியுதா?” அம்மாவின் குரல் உடைந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். தேவயானி அசையவில்லை. நாரால் தேய்க்கப்பட்ட அந்த முகத்தைப் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“சரி, விடு. பிள்ள சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. நான் வர்ற ஞாயித்துக்கெழமை நேர்ல போயிப் பக்குவமாச் சொல்லிட்டு வாரேன்.”

போனார். பொழுது சாய வந்தார். “சொல்லிட்டேன்த்தா. ஒண்ணும் பெருசா எடுத்துக்கிரல. ஒட்டுற சீக்கு இல்லையேன்னு கேட்டாக. இல்லன்னேன். அப்ப சரின்னுட்டாக.”

தேவயானி நம்பினாள். நிச்சயத்துக்கு இருந்த மூன்று வாரமும் அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று மொக்கைச்சாமியிடம்கூடச் சொல்லியிருப்பாள், வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டாள்.

நிச்சயத்தன்று காலை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வேனில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார், சொந்தக்காரர்கள், தோட்டத்து ஆட்கள் என்று அறுபது பேருக்குக் குறையாது. பட்டுச்சேலையும் பூச்சுமாக தேவயானி உள்ளறையில் இருந்தாள். ஊர் முன்னால் இன்றைக்கு ஒருநாள் போட்டுக்கொள் என்று அம்மா கெஞ்சியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் தெரியுமே என்று அவளும் ஒத்துக்கொண்டாள். ஜக்கம்மா உள்ளே வந்து அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“கறுப்புன்னாலும் எம்புட்டுக் களை! ஒரு மாசு மரு இல்லாத மொகம்த்தா ஒனக்கு. எங்கன தேடுனாலும் கெடைக்காது.”

“அத்தை, எங்க மாமா ஒங்ககிட்ட என் தோலைப் பத்தி ஒரு விஷயம் சொன்னாகல்ல?”

“தோலா? என்ன விஷயம்?”

வாசற்படியில் நின்ற கருத்தக்கண்ணன் விறுவிறுவென்று வந்தார். “ஒண்ணுமில்ல சம்பந்தி, பிள்ள பயத்துல ஏதோ ஒளருது. நீங்க வாங்க, ஐயர் கூப்பிடுறாக.” ஜக்கம்மாவை வெளியே அழைத்துக்கொண்டு போனவர், போகிறபோதே திரும்பிப் பார்த்துக் கண்ணை உருட்டினார். தேவயானிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் வடுகபட்டிக்குப் போயிருப்பார். காப்பி குடித்திருப்பார். பூண்டு விலை பேசியிருப்பார். இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபத்தில் காதுமடல் சுட்டது. பரணுக்குக் கீழே இருந்த எண்ணெய்ப் புட்டியையும் பஞ்சையும் வேட்டித் துணியையும் எடுத்தாள். ஒரு கும்பாவில் தண்ணீர் மொண்டாள். எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெற்றிலைத் தட்டு என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. நடுவில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் அவள் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரகளும் கேக்கணும். என் மொகத்துல வெண்புள்ளி இருக்கு. ஆறு வருஷமா இருக்கு. இது பூச்சு. இதக் கலைச்சுக் காட்டுறேன். பாத்துட்டு அப்புறம் தட்டு மாத்துறதா வேண்டாமான்னு சொல்லுங்க.”

பந்தலில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அக்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கருத்தக்கண்ணன் பாய்ந்து வந்து தட்டை இழுத்தார்.

“எந்திரிடி உள்ள! மானத்த வாங்காத!”

“கைய எடுங்க மாமா.” அவள் குரலை உயர்த்தவில்லை. “சொல்லிட்டேன்னு சொன்னது நீங்க. சொல்லாம வந்ததும் நீங்க. மானம் அன்னைக்கே போச்சு.”

அவர் கை தானாக விலகியது.

தேவயானி உள்ளங்கையில் எண்ணெயை விட்டாள். இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் ஒற்றினாள். நெற்றி, கன்னம், மூடிய இமைகள், கழுத்து. பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. யாரோ இருமினார்கள். ஜக்கம்மாவின் குரல் பொறுமையில்லாமல் வந்தது.

“என்ன கூத்து இது? தொட்டியில போயிச் சட்டுன்னு கழுவிட்டு வரச் சொல்லுங்க. நாங்க எம்புட்டு நேரம் உக்காந்திருக்கிறது?”

கண்ணைத் திறக்காமலே தேவயானி பதில் சொன்னாள். “சட்டுன்னு கழுவுனா தேய்க்கணும் அத்தை. தேய்ச்சா என் தோலு கெட்டுப் போகும். ஒங்க அவசரத்துக்காக நான் என்னையப் புண்ணாக்கிக்கிற மாட்டேன். இருந்து பாக்குறவுக இருங்க.”

யாரும் எழுந்து போகவில்லை. அறுபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர்கூடப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பஞ்சை நனைத்து இமையின் மேல் வைத்து மனதுக்குள் முப்பதுவரை எண்ணினாள். அவசரமாக எண்ணவில்லை. மெல்ல எடுத்தாள். அடுத்த இமை. பிறகு கன்னம், உதட்டோரம், கழுத்து. பழுப்பான பஞ்சுகளைத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசியாக விரல் நுனிகளையும் துடைத்தாள். கும்பாத் தண்ணீரை முகத்தில் ஏந்தி விட்டு, வேட்டித் துணியால் ஒற்றினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இதுதான் என் மொகம்.”

ஜக்கம்மா எழுந்துவிட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, குடியைக் கெடுக்கப் பார்த்தீர்களே, ஏமாற்றுக்காரர்களே என்று கருத்தக்கண்ணனைப் பார்த்துக் கத்தினாள். அவர்கள் கொண்டுவந்த தட்டுகளைப் பெண்கள் வாரி எடுத்தார்கள். வேன் டிரைவர் யாரும் கூப்பிடுமுன்னே வண்டியைக் கிளப்பினான். சுருளிராஜன் மட்டும் பந்தல் காலோரம் சிறிது நேரம் நின்றான். பிறகு அவள் பக்கம் வந்தான்.

“முன்னாலேயே சொல்லியிருக்கலாமில்ல?”

“கல்யாணத்துக்கு முன்னாலதான் சொல்லியிருக்கேன்” என்றாள் தேவயானி.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேனிலிருந்து அம்மா கூப்பிட்டாள். போய்விட்டான். அவன் போனது அவளுக்கு வலித்தது. அவன் நிற்பான் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அதைத் தனக்கே ஒத்துக்கொள்ளப் பல நாள் ஆயிற்று.

அக்கம்மாள் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், பேச மாட்டாள். கருத்தக்கண்ணன் தோட்டத்துக்கு வருவார், வீட்டுப் படி ஏற மாட்டார். திங்கட்கிழமை காலை தேவயானி பூச்சு டப்பாவைத் தொடவில்லை. களிம்பு போட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார வந்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போனாள். தேவயானி அந்த இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டு தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். உத்தமபாளையம் வரும்வரை குடைக் காம்பை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடையில் மொக்கைச்சாமி அவளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், பயந்தவர். “ஏம்மா, மிஷினத் தூக்கி உள்ள போட்டுருவமா? வர்றவுக ஒரு மாதிரி...”

“உள்ள வெளிச்சம் பத்தாதுண்ணே. நான் இங்கனதான் இருப்பேன். வர்றவுக மனுவப் பாக்கட்டும்.”

ஒரு வாரம் கூட்டம் குறைந்தது. பக்கத்துக் கடைக்குப் போனவர்கள், இரண்டு தரம் தப்போடு அடித்து வாங்கி ஜட்ஜிடம் திட்டு வாங்கியதும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மொக்கைச்சாமி அதன்பிறகு உள்ளே போடுகிற பேச்சையே எடுக்கவில்லை.

மாசியில் ஜோதிலட்சுமி வந்தாள். முக்காடு இல்லை. பொருக்கெல்லாம் உதிர்ந்து முகம் ஆறியிருந்தது. வெள்ளை பரவியிருந்தது, ஆனால் தோல் தெளிந்திருந்தது. அவளுடைய வக்கீல் பதில் மனுவுக்குக் குறிப்பு எழுதியிருந்தார். அதில் நாரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘துன்புறுத்தப்பட்டார்’ என்று.

“அக்கா, என்ன நடந்துச்சோ அத நீங்களே வக்கீலய்யாகிட்ட வரிசையாச் சொல்லுங்க. யாரு கையப் புடிச்சா, யாரு தேய்ச்சா, எம்புட்டு நேரம், எந்த ஆசுபத்திரிக்குப் போனீக, எல்லாம்.”

ஜோதிலட்சுமி போய்ச் சொன்னாள். வக்கீல் சேர்த்து எழுதினார். மூன்றரைப் பக்கம் வந்தது. தேவயானி ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்தாள். பதில் மனு போன அடுத்த வாய்தாவிலேயே கணவன் வீட்டார் ஆள்விட்டுப் பேசினார்கள். மோசடி என்று போட்ட மனுவை வாபஸ் வாங்கினார்கள். வேண்டுமானால் வந்து இருக்கட்டும் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். ஜோதிலட்சுமி முடியாது என்றாள். தன் சீர்ப் பாத்திரங்களையும் தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சின்னமனூரில் அக்காள் வீட்டுக்குப் போய், அங்கே ரவிக்கை தைக்கத் தொடங்கினாள்.

சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா வந்தது. அக்கம்மாள் வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவள். அந்த வருஷமும் எடுத்தாள். கூடப் போக ஆள் வேண்டுமே என்று தேவயானி கேட்காமலே கிளம்பினாள். கிளம்புமுன் அவள் பூச்சு போட்டுக்கொண்டாள். புதுச் சேலைக்கு எடுப்பாக இருக்கும் என்று ஆசைப்பட்டுப் போட்டதுதான், யாரும் போடச் சொல்லவில்லை. அம்மா சட்டியை இறக்கி வைத்ததும் இருவரும் ஆற்றில் குளித்தார்கள்; வேர்வையும் தண்ணீருமாகத் தேவயானியின் முகத்தில் பூச்சு கசகசத்தது. படித்துறையில் உட்கார்ந்து, புட்டியைத் திறந்து எண்ணெயை ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடி இருந்தாள்.

பஞ்சால் எடுக்க ஆரம்பித்ததும் பக்கத்துப் படியில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி வெள்ளையைப் பார்த்துவிட்டாள். குழந்தையை வெடுக்கென்று இழுத்தாள். “ஏலே, அங்கன போகாதடா, ஒட்டிக்கிரும்! இதையெல்லாம் பூசி மறைச்சுக்கிட்டுக் கோயிலுக்கு வாராளுக பாரு.”

தேவயானி பதில் சொல்லத் திரும்பினாள். அதற்குள் மேல்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. நாலு மாதமாக அவள் காதில் விழாத குரல்.

“என்னாடி சொன்ன?” அக்கம்மாள் ஈரச் சேலையோடு இறங்கி வந்தாள். “ஒட்டுமா? இவ தின்ன தட்டுல நான் திங்கிறேன். இவ படுத்த பாயில நான் படுக்குறேன். ஏழு வருஷமாச்சு. எங்க ஒட்டியிருக்கு, காட்டு பாப்போம்!” இரண்டு கையையும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “மறைச்சாளாம். அறுபது பேருக்கு முன்னால உக்காந்து இந்தா இதுதான்டா என் மொகம்னு காட்டுனவ என் மக. ஒனக்கு இருக்காடி அந்தத் தைரியம்?”

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போனாள். படித்துறையே திரும்பிப் பார்த்தது. அக்கம்மாளுக்கு மூச்சு வாங்கியது. மகளைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அத்தனை நாளும் பேசிக்கொண்டே இருந்தவள்போலச் சொன்னாள்.

“கழுத்துக்குப் பின்னால இன்னும் இருக்கு. மெதுவா எடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

சொல்லிவிட்டுப் படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.